குத்தகைக் கோடும் குல உறவும்: போர்கெராப் பள்ளத்தாக்கில் சுரங்கம், சமத்துவமின்மை, குழு மோதல்

ஆய்வுச்சுருக்கம்

பப்புவா நியூ கினி நாட்டின் எங்கா மாகாணத்திலுள்ள போர்கெராத் தங்கச் சுரங்கத்தைச் சுற்றி நிகழும் மோதல்கள் பொதுவாகப் ‘பழங்குடிப் பகை’ என்றே விளக்கப்படுகின்றன. பகையின் தொன்மையைக் காரணமாகக் காட்டும் இவ்விளக்கம் போதுமானதன்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. உறவினரைச் சேர்த்துக்கொண்டு விரியும் இயல்புடைய இப்பிலி மக்களின் உறவுமுறைமீது, சுரங்கக் குத்தகையின் எல்லைக்கோடும் நிலவுரிமையாளர் பட்டியலும் சுமத்தப்பட்டன. அதனால் உறவினரிடையே நிலையான ஏற்றத்தாழ்வு தோன்றியது. துப்பாக்கியின் வருகையும் மரபுவழி இழப்பீட்டு முறையின் நலிவும் அதனைக் குருதி சிந்தும் மோதலாக்கின. பூகன்வில் தீவின் பாங்குனாச் சுரங்க வரலாறு இங்கு ஒப்பீட்டுச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: போர்கெரா, இப்பிலி, பாங்குனா, நிலவுரிமையாளர், குலம், இழப்பீடு, சுரங்கக் குத்தகை, சமத்துவமின்மை.

முன்னுரை

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் போர்கெராப் பள்ளத்தாக்கில் சாக்கார், பியாண்டே என்னும் இரு குலத்தாரிடையே கடும் மோதல் மூண்டது. ஒரு குலத்தைச் சேர்ந்த, உரிமமின்றித் தங்கம் எடுப்போர் மற்றொரு குலத்தாரின் நிலத்தில் குடியேறியதே அதன் தொடக்கம் என்று செய்திகள் கூறின. குறைந்தது இருபது பேர் இறந்தனர் என்றும், அவ்வெண்ணிக்கை ஐம்பது வரை இருக்கலாம் என்றும் மதிப்பிடப்பட்டது. அரசு ஊரடங்கையும் மதுவிலக்கையும் அறிவித்துக் காவல்துறைக்குச் சுடும் அதிகாரத்தை வழங்கியது. உலக ஊடகங்கள் பலவும் இந்நிகழ்வைப் ‘பழங்குடியினர் மோதல்’ என்ற தொடரால் குறித்தன.

இத்தொடர் ஒரு விளக்கத்தைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது. இம்மக்கள் இயல்பிலேயே போரிடுவோர், சுரங்கம் அப்போரின் நடுவே அகப்பட்டுக்கொண்டது என்பதே அவ்விளக்கம். அதற்கு எதிர்முனையில், சுரங்கம் வருமுன் அமைதி நிலவியது, சுரங்கமே எல்லாவற்றையும் கெடுத்தது என்னும் கருத்தும் உண்டு. இரண்டும் சான்றுகளுக்கு முழுமையாகப் பொருந்துவன அல்ல. எங்கா மாகாணத்தில் குலப்போர் சுரங்கத்துக்கு முன்பும் இருந்தது. சுரங்கத்துக்குத் தொலைவிலுள்ள வாபெனமாண்டா வட்டாரத்திலும் 2024 பிப்ரவரியில் பல பத்துப் பேர் ஒரே மோதலில் உயிரிழந்தனர். ஆகவே, சுரங்கம் குழு மோதலைப் படைத்ததா என்று கேட்பதைவிட, முன்பே இருந்த மோதல்முறையை அது எவ்வாறு மாற்றியது என்று கேட்பதே பயன் தரும்.

இப்பிலி மக்களின் உறவும் நிலமும்

போர்கெரா, எங்கா மாகாணத்தின் மேற்குக் கோடியில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த மலைப்பள்ளத்தாக்கு. இங்கு வாழும் இப்பிலி மக்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டும் பன்றி வளர்த்தும் வாழ்ந்தவர்கள். கிழக்கே எங்கா மொழி பேசுவோரும் தெற்கே ஹூலி மக்களும் இவர்களுடைய அண்டையர். எண்ணிக்கையில் இவ்விரு மக்களைவிட மிகவும் சிறியவர்களான இப்பிலியர், இருபுறமும் கொண்டும் கொடுத்தும் உறவை வளர்த்துக்கொண்டனர்.

இவர்களுடைய உறவுமுறையைப் பற்றி அலெட்டா பியர்சாக், ஜெர்ரி ஜாக்கா, அலெக்ஸ் கோலப் ஆகிய மானிடவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவர்தம் ஆய்வுகளிலிருந்து தெளிவாகும் அடிப்படைச் செய்தி, இப்பிலியரின் உறவு இருவழி மரபைச் சார்ந்தது என்பதாகும். தந்தைவழி, தாய்வழி என்னும் இரண்டின் வாயிலாகவும் ஒருவர் பல குலங்களில் உரிமை கோரலாம். தந்தையின் தாய் பிறந்த குலத்திலும், தாயின் தாய் பிறந்த குலத்திலும்கூட அவருக்கு இடமுண்டு. ஆயினும் பிறப்பு மட்டும் உரிமையை நிலைநிறுத்துவதில்லை. அக்குலத்தின் நிலத்தில் தோட்டமிட வேண்டும்; அக்குலத்தார் இழப்பீடு செலுத்தும்போது தம் பன்றியையும் சேர்க்க வேண்டும்; போர் வந்தால் உடன் நிற்க வேண்டும். பங்களிப்பால் உரிமை உயிர்பெறுகிறது. பங்களிப்பு நின்றால் அது மங்குகிறது.

இம்முறையில் பிறகுலத்தாரைச் சேர்த்துக்கொள்வது குலத்துக்கு வலிமை. மருமகன், மைத்துனன், அடைக்கலம் தேடி வந்தோர் ஆகியோரை நிலத்தில் குடியமர்த்தும் குலமே போரிலும் விருந்திலும் தலைநிமிர்ந்து நிற்கும். உயர்மலைப் பகுதிகளில் நிலம் மிகுதியாகவும் ஆள் குறைவாகவும் இருந்த சூழலில் வளர்ந்த இவ்வொழுங்கின் கீழ், ‘இக்குலத்தில் எத்தனை பேர்?’ என்ற கேள்விக்கு நிலையான விடை இல்லை. அவ்விடை தேவைப்படவுமில்லை.

பாங்குனா தந்த எச்சரிக்கை

போர்கெரா ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய பாங்குனாவின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். பூகன்வில் தீவில் பாங்குனாச் செம்புச் சுரங்கம் 1972இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதனை நடத்திய பூகன்வில் காப்பர் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு ரியோ டின்டோ குழுமத்திடம் இருந்தது. 1975இல் விடுதலை பெற்ற பப்புவா நியூ கினியின் கருவூலத்துக்கு அச்சுரங்கமே பெருந்தூணாக விளங்கியது. ஆனால் சுரங்கம் ஈட்டிய வருவாயில் நிலத்துக்குரிய நாசியோய் மக்களை நேரடியாக அடைந்தது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. நூறு கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு கவெரோங், ஜாபா ஆறுகளின் பள்ளத்தாக்கில் கொட்டப்பட்டது.

இக்குறைந்த பங்கும் ஒருசீராகப் பகிரப்படவில்லை. நாசியோய் சமூகம் தாய்வழி மரபுடையது. நிலவுரிமை பெண்வழியே செல்வது. இழப்பீட்டுத் தொகையோ பெரும்பாலும் பட்டியலில் இடம்பெற்ற ஆண் தலைவர்களின் பெயரில் வழங்கப்பட்டது. இழப்பீட்டுக்கென நிறுவப்பட்ட அறக்கட்டளை மூத்தோர் சிலர் கையில் இருக்க, பட்டியல் எழுதப்பட்ட பின் வளர்ந்த தலைமுறைக்கு நிலமும் இல்லை, பணமும் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. 1987இல் பெர்பெத்துவா செரேரோவும் பிரான்சிஸ் ஓனாவும் தலைமையேற்ற புதிய நிலவுரிமையாளர் சங்கம், நிறுவனத்தை எதிர்த்தது போலவே பழைய சங்கத்தின் மூத்தோரையும் எதிர்த்தது. 1988 இறுதியில் சுரங்கத்தின் அமைப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 1989 மே 15 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதனைத் தொடர்ந்த போர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது. 2001 ஆகஸ்டு 30 அன்று அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இக்கிளர்ச்சியை 1990இலேயே ஆராய்ந்த காலின் பைலர், சூழல் அழிவும் இனத் தேசியமும் மட்டும் அதன் காரணங்கள் அல்ல என்றார். சுரங்கம் தரும் பணத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் வழி அச்சமூகத்திடம் இல்லாமற்போனதே உள்ளிருந்து அதனைச் சிதைத்தது என்பது அவருடைய கருத்து. இழப்பீட்டின் அளவைக் கூட்டினாலும் இச்சிக்கல் தீராது என்ற உட்பொருள் அக்கருத்தில் அடங்கியுள்ளது.

போர்கெரா ஒப்பந்தமும் பட்டியலும்

பாங்குனா மூடப்பட்ட அதே 1989 மே மாதத்தில்தான் போர்கெராவுக்குச் சிறப்புச் சுரங்கக் குத்தகை வழங்கப்பட்டது. பள்ளத்தாக்கில் தங்கம் இருப்பது 1930களின் இறுதியில் வந்த ஆஸ்திரேலியச் சுற்றுப்பயண அதிகாரிகளால் முதன்முதலில் அறியப்பட்டிருந்தது. பெருஞ்சுரங்கம் 1990இல் பிளேசர் நிறுவனத்தின் தலைமையில் உற்பத்தியைத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே உலகின் மிகப்பெரிய தங்கச் சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. 2006இல் அது பேரிக் கோல்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2015இல் சீனாவின் சிஜின் நிறுவனம் அதில் சமபங்காளியானது.

பாங்குனாவின் நிகழ்வுகளால் அஞ்சிய அரசு, போர்கெராவில் நடுவண் அரசு, மாகாண அரசு, நிலவுரிமையாளர் ஆகிய முத்தரப்பும் கலந்து பேசும் புதிய முறையைக் கையாண்டது. ராயல்டி எனப்படும் உரிமத்தொகையில் பங்கு, நிறுவனத்தில் சிறு பங்குரிமை, வேலைவாய்ப்பில் முன்னுரிமை, பள்ளி, மருத்துவமனை, இடம்பெயர்ந்தோருக்குத் தகரக்கூரை வீடு என்பன உறுதியளிக்கப்பட்டன. பாங்குனாவோடு ஒப்பிட இது பெரிய முன்னேற்றமே.

ஆனால் ஒப்பந்தம் செய்ய இருதரப்பு வேண்டும். மறுதரப்பில் கையெழுத்திட வேண்டிய ‘நிலவுரிமையாளர்’ யார்? குத்தகை நிலத்துக்கு உரியனவாக ஏழு குலங்களும் அவற்றின் இருபத்துமூன்று உட்குலங்களும் ஏற்கப்பட்டன. உட்குலத்துக்கு ஒருவராக இருபத்துமூன்று பேர் பேச்சுவார்த்தைக் குழுவில் அமர்ந்தனர். எல்லை தெளிவாக வரையறுக்கப்பட்ட, ஒரே குரலில் பேசக்கூடிய ஒரு மக்கள்தொகுதி அங்கு முன்னரே இருக்கவில்லை என்பதையும், பேச்சுவார்த்தையே அதனை உருவாக்கியது என்பதையும் கோலப் தம் நூலில் விளக்குகிறார்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் உட்குலத்தில் பிறந்த பெண் பள்ளத்தாக்கின் மறுபுறத்திலுள்ள ஒருவரை மணந்துகொண்டார் எனக் கொள்வோம். அவருடைய மக்களுக்குத் தாய்மாமன் நிலத்தில் உரிமையுண்டு என்பது மரபு. சுரங்கம் வரும்வரை அவ்வுரிமையை ஏற்பதால் மாமனுக்கு இழப்பு ஏதுமில்லை. உழைக்கவும் போரிடவும் ஆள் கூடுகிறது. உரிமத்தொகை வந்தபின், மருமகனை ஏற்பது ஒரு பங்கு குறைவதற்குச் சமமாகிறது. நேற்றுவரை வலிமையாக இருந்த உறவு இன்று செலவாகிறது. மறுப்பவர் மரபை மீறியவராகிறார். ஏற்பவர் தம் பிள்ளைகளின் பங்கைக் குறைத்தவராகிறார். இரண்டில் எதைச் செய்தாலும் ஒருபுறம் மனக்கசப்பு உறுதி.

ஏற்றத்தாழ்வின் அடுக்குகள்

இவ்வாறு உருவான சமத்துவமின்மையை மூன்று நிலைகளில் காணலாம்.

முதலாவது, கோட்டுக்கு உள்ளே உள்ளோர்க்கும் வெளியே உள்ளோர்க்கும் இடையிலானது. குத்தகை நிலத்துக்கு வெளியே, அதே மொழி பேசி, அதே குலங்களோடு மணவுறவு கொண்டு வாழ்பவர்களுக்கு உரிமத்தொகையில் பங்கில்லை. கழிவு செல்லும் போர்கெரா, லகைப், ஸ்டிரிக்லாண்டு ஆறுகளின் கரைகளில் வாழ்வோர் தொலைவில் இருப்பதால் அவர்களுடைய பேரவலிமை இன்னும் குறைவு. மின்சாரத்தின் வழியோ வேறு. ஹூலி மக்களின் நிலத்திலுள்ள ஹைட்ஸ் எரிவாயுவிலிருந்து எடுக்கப்படும் மின்சாரம், மின்னிணைப்பு இல்லாத ஊர்களின் தலைக்குமேலே சுரங்கத்துக்குச் செல்கிறது. 2002இல் தேர்தல் வன்முறையின்போது அம்மின்கோபுரங்கள் சாய்க்கப்பட்டுச் சுரங்க உற்பத்தி நின்றதை இப்பின்னணியில் நோக்க வேண்டும்.

இரண்டாவது, குலத்துக்கு உள்ளேயே தோன்றியது. இழப்பீடும் உரிமத்தொகையும் குலத்தின் பெயரால், பெரும்பாலும் ஆண்களான சார்பாளர்கள் வழியே வழங்கப்பட்டன. அச்சார்பாளர்களுள் சிலர் ஒப்பந்ததாரர்களாகவும் அரசியல்வாதிகளாகவும் உயர்ந்து நகரங்களில் வீடு வாங்கினர். தோட்டத்தை இழந்த பெண்களுக்கோ, நாள்தோறும் உணவு தரும் கிழங்குக்கு ஈடாகத் தங்கள் கையில் சேரும் பணம் எதுவுமில்லை. பணவரவால் ஆண்கள் பல மனைவியரை மணப்பது பெருகியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

மூன்றாவது, முன்பிருந்தோர்க்கும் வந்து குடியேறியோர்க்கும் இடையிலானது. சுரங்கத்துக்கு முன் சில ஆயிரங்களாக இருந்த பள்ளத்தாக்கின் மக்கள்தொகை பின்னர்ப் பல பத்தாயிரங்களாகப் பெருகியது. வந்தவர்களில் மிகப்பலர் அந்நியர் அல்லர். ஏதோ ஒரு வகையில் இங்குள்ளோரின் உறவினர். மரபுப்படி அவர்களை வரவேற்க வேண்டும். ஆனால் நிலத்தின் பெரும்பகுதி குழியாகவும் கழிவுமேடாகவும் மாறிவிட்டது. விருந்தினரே எண்ணிக்கையில் மிகும்போது, யார் யாரை அண்டி வாழ்கின்றனர் என்ற கேள்வியே பூசலுக்கு வித்தாகிறது.

கழிவுமேடும் காவலும்

பட்டியலில் இடம்பெறாதோர்க்குத் தங்கத்தை அடைய ஒரு வழியே எஞ்சியது. சுரங்கத்தின் கழிவுமேடுகளிலும் ஆற்றுப்படுகையிலும் கற்களைப் பொறுக்கியும் சேற்றை அரித்தும் அவர்கள் தங்கம் எடுத்தனர். பலர் குழிக்குள்ளும் இறங்கினர். நிறுவனத்தின் பார்வையில் இது அத்துமீறல். அவர்கள் பார்வையில் தம் பாட்டனார் நிலத்தில் செய்யும் பிழைப்பு.

இவ்விரு பார்வைகளுக்கும் நடுவே நின்ற காவல் கொடுமையாக அமைந்தது. 2009 ஏப்ரலில் காவல்துறையினர் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்புகளில் 130க்கும் மேற்பட்ட கட்டடங்களை எரித்ததை அம்னஸ்டி இன்டர்நேஷனல் 2010இல் ஆவணப்படுத்தியது. கழிவுமேடுகளில் பிடிபட்ட பெண்கள் சுரங்கத்தின் பாதுகாவலர்களால் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2011இல் வெளிக்கொணர்ந்தது. நிறுவனம் பின்னர் ஒரு நிவாரணத் திட்டத்தை ஏற்படுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அதனை ஏற்றனர். அதனை ஏற்போர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனை கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. பாதிக்கப்பட்ட பெண்கள் பலர் தாம் அடைந்த கொடுமையைக் கணவனிடமும் சொல்ல இயலாத நிலையில் இருந்தனர் என்பது, ஏற்றத்தாழ்வின் கடைசி அடுக்கில் யார் நிற்கின்றனர் என்பதைக் காட்டுகிறது.

போர், இழப்பீடு, துப்பாக்கி

எங்கா மரபில் போர் என்பது முடிவற்ற பகை அன்று. வில்லும் அம்பும் கொண்டு நடந்த போர்களில் இறப்பு குறைவு. போருக்குப் பின் இறந்தோர்க்காகப் பன்றிகளை இழப்பீடாக வழங்கும் சடங்குகள் தொடங்கும். முதலில் உடன் நின்றோர்க்கும் பின்னர் எதிரிகளுக்கும் அவை வழங்கப்பட்டன. அக்கொடுக்கல்வாங்கலில் புதிய மணவுறவுகளும் பிறந்தன. போரால் அறுந்த உறவை இழப்பீடு மீண்டும் முடிந்தது.

1990களில் துப்பாக்கிகளும் கூலிக்குப் போரிடும் இளைஞர் குழுக்களும் பெருகியபின் இச்சமநிலை குலைந்தது. ஒரே நாளில் பலர் இறக்கும்போது அத்தனை உயிர்களுக்கும் இழப்பீடு திரட்ட எந்தக் குலத்தாலும் இயலாது. பாலி வீஸ்னரும் நிட்சே பூபுவும் 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கி வந்தபின் இறப்புகள் பன்மடங்கு பெருகியதையும், பின்னர்ப் பல இடங்களில் ஊர் நீதிமன்றங்களும் மரபு இழப்பீட்டு முறையும் இணைந்து அமைதியை மீட்டதையும் காட்டியது. மரபு நிறுவனங்கள் முற்றிலும் மாண்டுவிடவில்லை என்பதற்கு இது தக்க சான்று.

சுரங்கத்தைச் சுற்றிய பகுதியில் அவற்றை மீட்பது கடினமாக இருப்பதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். ஒன்று, பன்றிக்குப் பதில் பணம் அளவுகோலானதால் இழப்பீட்டுக் கோரிக்கைகள் வரம்பின்றி உயர்ந்தன. இரண்டு, சமாதானம் பேச வேண்டிய தலைவர்கள் சுரங்க வருவாயில் தனிநலம் உடையோராக மாறியதால் இளைஞரிடம் நம்பிக்கை இழந்தனர். மூன்று, தோற்ற குலம் ஒதுங்கிச் செல்ல முன்பு வெற்று நிலமும் உறவினர் தோட்டமும் இருந்தன. இப்போது ஒதுங்குவது தங்கம் எடுக்கும் இடத்தைக் கைவிடுவதாகும். ஆதலால் ஒதுங்க ஒருவரும் விரும்புவதில்லை.

மூடலும் மீள்திறப்பும்

முப்பதாண்டுக் குத்தகை 2019இல் முடிவுற்றது. 2020 ஏப்ரலில் அரசு அதனை நீட்டிக்க மறுத்தது; சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். சுரங்கம் இயங்காத ஆண்டுகளில் மோதல் தணிந்துவிடவில்லை என்பது கருதத்தக்கது. 2022 தேர்தலையொட்டிப் பள்ளத்தாக்கில் மீண்டும் கொலைகள் நிகழ்ந்தன. வருவாய் நின்றது, வருவாய்க்காக வரையப்பட்ட கோடு அழியவில்லை.

2023 இறுதியில் ‘நியூ போர்கெரா’ என்னும் புதிய நிறுவனத்தின் கீழ்ச் சுரங்கம் மீண்டும் திறக்கப்பட்டது. இதில் 51 விழுக்காடு பப்புவா நியூ கினித் தரப்பினருக்கு உரியது. நிலவுரிமையாளரும் மாகாண அரசும் சேர்ந்து பெறும் பங்குரிமை முன்பிருந்த 5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்ந்தது. நாட்டுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான நீதி இதனால் மேம்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அடுத்த ஆண்டின் செப்டம்பர் மோதல், பங்கின் அளவு வேறு, பங்கீட்டின் முறை வேறு என்பதைத் துயரத்தோடு மெய்ப்பித்தது. பங்கு பெருகப் பெருகப் பட்டியலில் இடம்பெறுவதன் மதிப்பும், இடம்பெறாமையின் வலியும் கூடவே பெருகுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

போர்கெராவின் மோதல்களைத் தொன்மையான பழங்குடிப் பகையாக மட்டும் விளக்குவது, 1989க்குப் பின் அங்கு நிறுவப்பட்ட சட்ட, பொருளாதார ஒழுங்கைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. பகையின் மொழி பழையது. பகையின் பொருள் புதியது.

பாங்குனாவிலும் போர்கெராவிலும் பிளவு முதலில் குலங்களுக்கு இடையே அன்றி உறவினருக்கு இடையே, தலைமுறைகளுக்கு இடையே, ஆண் பெண் இருபாலரிடையே தோன்றியது. குலங்களுக்கு இடையிலான மோதலை மட்டும் அளவிடும் ஆய்வு இதனைக் காணத் தவறும்.

மக்களை அறிந்து ஒப்பந்தம் செய்வதாகக் கருதும் அரசும் நிறுவனமும், ஒப்பந்தத்தின் வாயிலாகவே அம்மக்களின் எல்லையை வரைகின்றன. நெகிழ்ச்சியுள்ள உறவுமுறைமீது நிலையான பட்டியலை வைப்பவர், அப்பட்டியலைக் காலந்தோறும் திருத்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். பயனை ஒரு சிலரின் வழியே பணமாக மட்டும் வழங்காது, கோட்டுக்கு வெளியே உள்ளோரும் பெறத்தக்க மின்சாரம், மருத்துவம், கல்வி ஆகியவற்றின் வழியே பகிர்தலும், பெண்களுக்கு நேரடியாக வழங்குதலும், ஊர் நீதிமன்றங்களை வலுப்படுத்துதலும் கோட்டின் கூர்மையைக் குறைக்கும்.

சுரங்கம் ஒருநாள் வற்றும். அதன்பின் அப்பள்ளத்தாக்கில் வாழப்போகிறவர்கள் ஒருவர்க்கொருவர் மாமனும் மருமகனுமாகவே இருப்பர். அவ்வுறவு தாங்குமா என்பதைக் கணக்கில் கொள்ளாத எந்தச் சுரங்க ஒப்பந்தமும் முழுமையான ஒப்பந்தம் ஆகாது.